இணைத்துவிட்டு எழுந்துபோகிறவர்

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என்றாலே மூத்தவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். வாரம் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்று, புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்கிறவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிவிட்டு வருகிறவள். கிடைக்கிற ஒரு நாளில், வேறு ஊரில் தனியாக இருக்கும் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், அந்த மனிதர் முகத்தைக் காட்ட மாட்டார்.

கம்ப்யூட்டர் தெரியாமல் இல்லை. தெரியாமல் இருந்தால் மன்னித்திருப்பாள். ஓய்வு பெறும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். அவள் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து, கேமராவை மாட்டி, எதை அழுத்தினால் யார் வருவார்கள் என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்ததுமே, "புரியுது, நகரு" என்று மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வீடியோ காலைப் போடுகிற உரிமை அவருக்கு மட்டும்தான். பிள்ளைகள் போட்டால் எடுத்து, "வெச்சுடு, நான் போட்டுத் தரேன்" என்று சொல்லித் துண்டித்துவிடுவார்.

போட்டும் தருவார். முதலில் மகளைப் பிடிப்பார். அப்புறம் வேறு தேசத்தில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற மகனைப் பிடிப்பார். "சின்னவனே, அக்கா லைன்ல இருக்கா. அம்மாடி, தம்பி வந்துட்டான். கேக்குதா? அவன் மொகம் தெரியுதா? சரி, பேசுங்க." அவ்வளவுதான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, திரும்பி, கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் போய்விடுவார். வாரா வாரம் அவள் பார்த்தது அவருடைய முதுகைத்தான்.

மிச்ச நேரம் அக்காவும் தம்பியும் ஒரு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஒன்றும் ஜென்ம விரோதிகள் இல்லை, ஆனால் பேசுவதற்கு என்ன இருக்கிறது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இல்லை. அதோடு சரக்கு தீர்ந்துவிடும். சின்னவன் காதைக் குடைவான். இவள் நகத்தைப் பார்ப்பாள். இந்தக் கூத்துக்கா மாதாமாதம் இன்டர்நெட் கட்டுகிறோம் என்று பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சாதாரண போனில் கூப்பிட்டுச் சண்டையே போட்டாள்.

"கனெக்ஷன் குடுத்தா வெளியில வந்துடணும்மா," என்றார் அவர், சாவகாசமாக. "நடுவுல ஒக்காந்து ரெண்டு பேர் பேசறத கேக்கறது திருட்டு மாதிரி. அந்தக் காலத்துல வேலையே போயிடும்."

"அப்பா, அது எக்ஸ்சேஞ்சு. இது நம்ம குடும்பம். நாங்க பேச வரதே உங்ககிட்டதான்."

"எங்கிட்ட என்ன பேச்சு? நான் நல்லாத்தான இருக்கேன்."

"நல்லா இருக்கீங்களான்னு நான் பாக்க வேணாமா?"

"அதான் மொதல்ல ஒரு நிமிஷம் காட்டறேனே," என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டது போனில் அவருக்குத் தெரிந்திருக்காது.

கோபம் வெறும் கோபமில்லை, அடியில் பயம் இருந்தது. போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பித்தது. தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி இவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவர் மசியவில்லை. "அவர் இஷ்டப்பட்ட எடத்துல இருக்கட்டும்க்கா, விடு," என்று தம்பி வேறு வக்காலத்து வாங்கினான். கடைசியில் மூவருமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். தன் காலால் நடமாடுகிறவரை அவர் அங்கேயே இருக்கலாம். இன்னொரு முறை விழுந்தால் பேச்சே கிடையாது, வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு கிளம்பிவிட வேண்டும். அப்பா தலையை ஆட்டினார். அந்த வீட்டுக்காகத்தான் ஆட்டினார் என்பது இவளுக்குத் தெரியும். அவர் வாழ்நாளில் தனக்கென்று கேட்டு வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. வழக்கம்போல மகளைப் பிடித்தார், மகனைப் பிடித்தார், கேக்குதா என்றார், தெரியுதா என்றார். இவள் பெருமூச்சை ஆரம்பித்தாள்.

அப்பா எழுந்திருக்கவில்லை.

"அப்புறம் சின்னவனே," என்றார். "ஒங்க பட்டறையில கப்பல தண்ணியிலேருந்து எப்படிடா மேல ஏத்தறீங்க?"

சின்னவன் காதிலிருந்து விரலை எடுத்தான். அவனிடம் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கையை ஆட்டி ஆட்டி விளக்கத் தொடங்கினான். அப்பா குறுக்குக் கேள்வி கேட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பி, கடையில் அந்த எரிந்து விழுகிற முதலாளி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். எக்ஸ்சேஞ்சில் ஒருவர் தூக்கத்தில் "நம்பர் ப்ளீஸ்" என்று சொன்ன கதையைச் சொன்னார். மூவரும் சிரித்தார்கள். மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. சண்டை போட்டது வீண் போகவில்லை, மனிதர் கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, ஆனால் முழு முகம். கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம்கூடத் தெரிந்தது. இதைத்தானே கேட்டேன், இத்தனை மாதமாக இதைத்தானே முட்டிக்கொண்டேன் என்று சந்தோஷமாகவே இருந்தது.

அப்போது அப்பாவின் வீட்டில் வாசல் மணி அடித்தது.

"யாரோ வந்திருக்காங்கப்பா," என்றாள்.

"வரட்டும். நீ சொல்லு."

மறுபடியும் அடித்தது. அழைப்பு வந்தால் அரை நொடி காக்க வைக்காமல் எடுத்துப் பழகிய மனிதர். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து ஓடுவார், அம்மா அதற்கே அவரை ஆயுசு முழுக்கத் திட்டியிருக்கிறாள். இப்போது மணி மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூத்தவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். மேஜை மேல் தண்ணீர்க் கூஜா இருந்தது. பிஸ்கட் பொட்டலம், மாத்திரை டப்பா, துண்டு, டார்ச் லைட், எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில். கம்ப்யூட்டர் மேஜையில் சாதாரணமாக ஒரு டம்ளர் வைக்கவிடமாட்டார், ஒயரில் சிந்திவிடும் என்பார்.

"அப்பா, எனக்கு இங்க சரியா கேக்கல. சமையலறைல குழாய் ஏதாவது தெறந்திருக்கா, போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"எல்லாம் மூடித்தான் இருக்கு."

"பாத்துட்டுதான் வாங்களேன்."

"பேசிட்டு இருக்கோம். நடுவுல எழுந்து போறது மரியாதையா?"

அவளுடைய வாதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜெயித்துவிட்டதுபோல் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. வாராவாரம் அவர் எழுந்து போனபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தது முதுகை மட்டுமல்ல, அவர் நடப்பதையும்தான். அதை ஒருமுறைகூட அவள் கவனிக்கவில்லை. திட்டுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

"எழுந்திருங்கப்பா," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "ரெண்டு அடி நடங்க. போதும்."

"அக்கா, எதுக்கு அவர..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா. அப்பா, எழுந்திருங்க."

அப்பா துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நடந்தா நீ பாத்துடுவ," என்றார்.

அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "எப்ப விழுந்தீங்க?"

"வியாழக்கெழம. மாடிப்படியில. கால் ஒடைஞ்சு கிடைஞ்செல்லாம் போகல, வீக்கம்தான். அந்தக் கால ஊனினா ஒடம்பே மடங்குது."

"அப்ப அந்த நாற்காலில எப்படி வந்து ஒக்காந்தீங்க?"

"எதிர் வீட்டு ட்ரைவர் காலையில வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி வந்து, தூக்கி ஒக்கார வெச்சுட்டுப் போனான். ராத்திரி சவாரி முடிச்சு வந்து எறக்கறேன்னு சொல்லியிருக்கான். நல்ல பையன். நாந்தான் ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன், அவன் மேல கோவப்படாத."

காலையிலிருந்து. சாயந்திரம் போடப்போகிற ஒரு வீடியோ காலுக்காக, நல்லபடியாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள, காலையிலிருந்து அந்த மனிதர் அதே நாற்காலியில். மூத்தவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை. திரையில் தம்பியின் சதுரத்தில் அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான் கைக்குள்ளிருந்தே. "இப்ப என்னக்கா பண்றது?"

அவள் வாயைத் திறந்தாள். அப்பா கேமராவைப் பார்த்தபடி இருக்கும்போது, அவர் வீட்டைப் பூட்டுவதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று மூடிக்கொண்டாள்.

அது அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போக முடியாத அந்த நாற்காலியில், முடிந்த மட்டும் உடம்பைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"பேசுங்க," என்றார். "நான் கேக்கல."