விதை உதிர்ந்த பிறகு

"விதை உதிர்ற வரைக்கும் ஆட்டை உள்ள விடாதீங்க சார், அப்பத்தான் இந்தப் பூ பிழைக்கும்" என்று வனத்துறை அதிகாரியிடம் சொன்னதே ஆட்டுக்காரர் வீட்டுப் பெண்ணான அவள்தான். அவரும் அதைத் தட்டாமல் கேட்டு, மலைச்சரிவின் புல்வெளிக்கு வேலி போட்டு, காவலுக்கு அவளையே வைத்துச் சாவியையும் கொடுத்துவிட்டார். உதிர்ந்ததும் மந்தையை விட்டு விதையை மண்ணில் மிதிக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முளைக்காது. ஆட்டுக்காரர் வீட்டில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்ததை எவர் வாய்விட்டுச் சொல்வார்? அவளும் சொல்லவில்லை.

இன்று விதை உதிர்ந்துவிட்டது. அண்ணன் மந்தையோடு வேலிக்கு வெளியே வந்து நின்றான்.

"பூட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறியே, திற தங்கச்சி."

அவள் அதிகாரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அன்னைக்கு ஆடு கூடாதுன்னீங்க. அண்ணன் வந்து நின்னதும் பேச்சு மாறுதே! பூட்டைத் தொட்டா வேலை போயிடும்மா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயைத் திறந்தும் கெட்டாள், பாதியில் மூடியும் கெட்டாள்.

"நீ எங்க வீட்டுப் பொண்ணா, அவங்க வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் மந்தையைத் திருப்பினான்.

வேலிக்குள் குருவிகள் கூட்டமாக இறங்கி விதைகளைக் கொத்தத் தொடங்கின. அவற்றுக்குச் சாவி தேவைப்படவில்லை.