நோயின் பெயர்

ஜெயபுஷ்பம் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்ததும் தணிகைவேல் மறுபக்கம் மனைவியை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். அந்த அம்மா கையில் ஊசியுமில்லை, சீட்டுமில்லை. நோய் முற்றியவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று வார்டு நர்ஸ் சொல்லியிருந்தாள். பேச விட்டால்தான் ஆபத்து என்று நினைத்தான். நான்கு மாதமாக ஒரு சொல்லை அவன் மறைத்து வந்திருந்தான்.

தணிகைவேல் குடியாத்தத்தில் லுங்கித் தறி நெய்கிறவன். மனைவி மீனாம்பாளுக்கு இடது மார்பில் வந்த கட்டி உடைந்து புண்ணாகி, கை வீங்கி, விரல்கள் மரத்துவிட்டன. கேன்சர் எலும்புவரை போய்விட்டது, இனி வலியைத்தான் குறைக்க முடியும் என்று டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்குத் தெரிய வேண்டாமென்று அவன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். வீட்டில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். புண்ணின் வாடைக்குப் பயந்து அண்ணி அவள் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாய் படும் வேதனையைப் பிள்ளை பார்க்க வேண்டாமென்று ஏழு வயது பங்கஜத்தை அணைக்கட்டில் தன் அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட்டான். மீனாம்பாள் எதையுமே கேட்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவன் நிம்மதியாக இருந்தான்.

ஜெயபுஷ்பம் சாப்பாடு, தூக்கம் பற்றி விசாரித்தார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டதும் மீனாம்பாள் வீங்கிய கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். ஜெயபுஷ்பம் அதைக் கவனித்தார்.

"உங்களுக்கு இன்னா நோவுன்னு நினைச்சினு இருக்கீங்க, மீனாம்பா?"

தணிகைவேல் எழுந்துவிட்டான். அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"பெருநோவு. கரிகிரிக்கு எப்ப இட்டுனு போவாங்க?"

கரிகிரியில் இருப்பது தொழுநோய் ஆஸ்பத்திரி. ஆறாத புண், மரத்த விரல், தனித் தட்டு, கண்மறைவாகக் கொண்டுபோன குழந்தை. அவள் வேறு எதை நினைத்திருப்பாள்? அணைக்கட்டு பஸ் ஏறிய நாளில் கட்டிக்கொள்ள ஓடிவந்த பங்கஜத்தை, "எட்டப் போ" என்று அவள் விரட்டினாள். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று அன்று அவன் மனசுக்குள் வைதிருந்தான்.

தெரிந்துகொள்ள விருப்பமா, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று ஜெயபுஷ்பம் கேட்டார். மீனாம்பாள் புருஷனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனே சொன்னான். கேன்சர், பெருநோவு இல்லை என்றான். பிழைக்க மாட்டேனா என்று அவள் கேட்டபோது அவன் ஜெயபுஷ்பத்தைப் பார்த்தான். குணமாக்க மருந்தில்லை, வலியைக் குறைக்க இருக்கிறது, கடைசிவரை கூட இருப்போம் என்று ஜெயபுஷ்பம்தான் சொன்னார்.

மீனாம்பாள் சேலைக்குள்ளிருந்து வீங்கிய கையை வெளியே எடுத்தாள்.

"இது ஒட்டாதில்ல?"

"ஒட்டாது" என்றார் ஜெயபுஷ்பம்.

"அப்ப பாப்பாவைத் தொடலாம்."

அவள் முகத்தில் இறுக்கம் விட்டுப்போனது. கதறுவாள், மயங்கி விழுவாள் என்று என்னென்னவோ எண்ணிப் பயந்திருந்தவனுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். சாவைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. குழந்தையை விரட்டியதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அணைக்கட்டு போய்ப் பங்கஜத்தைக் கூட்டிவந்தான். வார்டு வாசலிலேயே குழந்தை நின்றுவிட்டது. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பதுபோல அப்பாவை அண்ணாந்து பார்த்தது. அவன் குனிந்து அதன் செருப்புகளைக் கழற்றினான்.

"இங்க வாடி" என்றாள் மீனாம்பாள்.

குழந்தை முதலில் நடந்தது, பிறகு ஓடியது. கட்டில் கம்பியைப் பிடித்து ஏறியது. தணிகைவேல் வாசலிலேயே நின்றான், அந்தச் சின்னச் செருப்புகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், இரண்டு கைகளிலும் ஏந்தியபடி.