ஆண்டு மலருக்குப் புதுப்பெயர்

1996இல் பத்மநாதனின் பழைய மாணவர் சங்கம் இரண்டாக உடைந்தது. லண்டன் தமிழருக்கு அது ஒரு புதுச் செய்தியே இல்லை. பழைய பெயரைக் குகதாசன் கொண்டுபோய்விட, பத்மநாதன் புதுச் சங்கம் தொடங்கித் தானே தலைவரானார். அன்று வியாழக்கிழமை. ஆண்டு மலர் மாலைக்குள் அச்சகம் போனால்தான் சனிக்கிழமை விழாவில் அவர் படம் முதற்பக்கத்தில் வரும். மலரில் அவருக்கு வேண்டியது அந்தப் பக்கம் மட்டும்தான்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் மலரைக் கணினியில் அடுக்கியவள் மெற்றில்டா. படங்களெல்லாம் உள்ளே வைத்த ஒரே கோப்பு, மிகப் பெரியது. இன்னொரு பிரதி எடுத்துவைக்க அவர் விடவில்லை. குகதாசனின் ஆட்கள் களவெடுத்துவிடுவார்களாம்.

கோப்புக்குப் பழைய சங்கத்தின் பெயர். அதை இருந்த டிஸ்க்கிலேயே மாற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் முடியும். கடை வாசலில் பலகையை மாற்றுவது போலத்தான். உள்ளேயிருக்கும் அரிசி மூட்டை அசையாது. பத்மநாதனுக்கு அது போதவில்லை. குகதாசனின் படங்கள் கிடக்கும் டிஸ்க்கில் தன் மலர் இருக்கக்கூடாது, புதுப்பெயரோடு கணினியிலிருந்த மற்ற டிஸ்க்குக்குப் போகவேண்டும் என்றார். அப்படியென்றால் கடையையே மாற்றவேண்டும். கணினி மூட்டை மூட்டையாகச் சுமந்து புதுக்கடையில் அடுக்கும். கடைசி மூட்டையும் இறங்கிய பிறகுதான் பழைய கடையைக் காலிசெய்யும்.

மெற்றில்டா இதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவருக்கு இதெல்லாம் காதில் ஏறுமா?

"ஒரு பேரை மாத்த இவ்வளவு நேரமோ? உமக்கு வேலை தெரியாது பிள்ளை."

"பேர் மட்டுமில்லை அண்ணை, முழு மலரும் போகுது. கொஞ்சம் பொறுங்கோ."

அவள் தேத்தண்ணி போட எழும்பியதும் அவர் கணினியை நிறுத்தி, மறுபடி போட்டார். ஒரு டிஸ்க்கில் பழைய பெயரும் மற்றதில் புதுப்பெயரும் தெரிந்தன. மாறிவிட்டது என்று பூரித்து, குகதாசனின் சங்கப் பெயரில் கிடந்ததை அழித்தார். கணினியின் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினார். வெறுப்பு என்று வந்தால் மனிதருக்கு எவ்வளவு பொறுமை, எவ்வளவு ஒழுங்கு!

மெற்றில்டா வந்து புதுக்கோப்பைத் திறந்தாள். அது திறக்கவில்லை. மூட்டைகளில் பாதிகூட வந்து இறங்கியிருக்கவில்லை.

"என்ர படம் எங்கை?"

"நீங்கள் அழிச்சதுக்குள்ளை இருந்தது. இனி அச்சகத்துக்குப் பேரை மட்டும்தான் அனுப்ப ஏலும்."

சனிக்கிழமை விழா மலரில்லாமல் நடந்தது. இந்தக் காலத்துக் கணினிகள் நம்பத்தக்கவை அல்ல என்று தலைவர் மேடையில் நெடுநேரம் விளக்கினார். சபை எழும்பி ரோல்ஸ் சாப்பிடப் போயிற்று.