மழை என்று சொன்னால் சீக்கிரம் முடியும்

எழுமலைக்கு அப்பால், தங்கப்பொண்ணுவின் மாட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து இருபத்தெட்டாவது கேள்வியைக் கேட்டேன். “கடலையை விட்டுட்டு ஏன் முருங்கைக்கு மாறினீங்க?”

“மழ இல்ல மேடம்.” நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

பதினோரு வருஷமாக இதே பதில். பசுமலையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மழை குறைந்தால் விவசாயிகள் பயிரை எப்படி மாற்றுகிறார்கள் என்று நான் எழுதியதெல்லாம் இந்தப் பக்கத்து இருநூற்றுப் பத்து வீடுகள் சொன்னதை வைத்துத்தான். அதற்காக நைரோபி வரை கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மே மாதம் பணி ஓய்வு. இது கடைசிச் சுற்று.

“போன வருஷம் கண்மாய் நிரம்பி மறுகால் போச்சே. அப்பவும் கடலை போடலையே?”

தங்கப்பொண்ணு சிரித்தாள். “இம்புட்டு வருசங் கழிச்சு இப்பத்தான் கேக்குறீகளா? காட்டுப்பன்னி மேடம். விடியிறதுக்குள்ள பாதிக் கடலைக் காட்டத் தோண்டிப் போட்டுருது. களையெடுக்கவும் ஆளு இல்ல.”

“அப்புறம் ஏன் மழைன்னு சொன்னீங்க?”

“மழைன்னா அடுத்த பக்கத்துக்குப் போயிருவீக. வேற எதையும் சொன்னா பத்துக் கேள்வி வருது. மொத வருசம் பன்னின்னு சொன்ன பேயாண்டி அண்ணன ஒங்க காலேஜுப் பிள்ளைக கேள்வியாக் கேட்டு வறுத்துட்டாக. அப்பவே ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நீங்களும் பாவம், வெயில்ல வந்து காயுறீக.”

மழை என்ற பதிலுக்குப் பிறகு கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்து, படிவத்தை அப்படி அமைத்தவள் நான்தான். கோபம் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் இவள் மோர் கொடுத்து, சட்டென்று பதில் சொல்லி என்னை அனுப்பிவைத்ததைப் பிரியம் என்று நினைத்திருந்தேன். அது பிரியமாகவும் இருக்கலாம். யோசிக்கத் தெம்பில்லை.

எழுந்து தள்ளி வந்து, கிருஷ்ணபிரசாத்தைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். என்னோடு சேர்ந்து எழுதுகிறவன். திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய அறிக்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“ஒரு வீடுதானே மேடம்? மொத்தத்துல தெரியவே தெரியாது.”

“ஊருக்கே தெரியுமாம், பிரசாத்.”

“அப்ப நாம எழுதினதெல்லாம்?”

“தெரியல. தெரியலைன்னுதான் எழுதணும். அறிக்கையை அனுப்பாத.”

“ரிட்டையர் ஆகப் போறீங்க. யாரு மேடம் கேக்கப் போறா?”

எனக்கும் அதுதான் தோன்றியது. இன்னும் இருநூற்றொன்பது வீடு என்று நினைத்ததுமே முழங்கால் வலித்தது. போனை வைத்துவிட்டு நிழலுக்குத் திரும்பி, டேப்லெட்டில் ‘மழை’யை நீக்கிவிட்டு ‘மற்றவை’யைத் தொட்டேன். பத்துக் கேள்விகள் திறந்தன.

“ஆத்தி, பத்தையும் கேக்கப் போறீகளா? ஒலைய வச்சிட்டு வந்திருக்கேன்.”

“இறக்கி வெச்சுட்டு வாங்க. இருக்கேன்.”

முனகிக்கொண்டே போனவள் திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். முதல் கேள்வியைப் படித்தேன். எழுதியது நான். ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்பது இதுதான் முதல் முறை.