எட்டுக் காந்தங்கள்

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த பிறகு நான் தவறவிட்ட முதல் வகுப்பு இதுதான். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். எதையாவது முன்பின்னாக மாற்றினால், என்னை அறியாமல் என் பக்கம் சாய்த்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பகலில் நான் ஒன்றாம் வகுப்பில் உதவியாளர். பிள்ளைகளுக்கு நான் குட்டி மிஸ், வகுப்பாசிரியை பெரிய மிஸ். பென்சில் சீவுவது, மூக்கைத் துடைத்துவிடுவது, சண்டை பிரிப்பது எல்லாம் என் வேலை. வாரத்தில் ஒரு பாடத்தை நானே நடத்திப் பழகிக்கொள்ளட்டும் என்று பெரிய மிஸ் விட்டுக்கொடுத்திருந்தார். இந்த வாரம் காந்தத்தை எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் இருந்த லாடக் காந்தம் கிழடு தட்டிப்போய், குண்டூசியைக்கூடத் தூக்க யோசித்தது. என் அண்ணன் கைப்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறான். பையின் மூடி தானாக ஒட்டிக்கொள்வதற்காக உள்ளே வைத்துத் தைக்கும் காந்தங்களில் பத்து வாங்கி வந்தேன். சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. மிட்டாய்போலப் பளபளவென்று இருந்தன. அந்த நினைப்பு காலையிலேயே எனக்கு வந்தது. வந்தும் என்ன பயன்.

ஒரு காந்தத்தை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்து, நடுவில் எது இருந்தாலும் பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் பாடம். காகிதம், துணி, அட்டை, கடைசியில் உள்ளங்கை. கையின் இரண்டு பக்கமும் காந்தம் ஒட்டி நின்றதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கண் கொள்ளவில்லை. வாலு என்று எல்லோரும் கூப்பிடும் பையன் காது மடலின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு, "கம்மல் போட்ட கிழவி நான்" என்று ஆடினான். வகுப்பே உருண்டு சிரித்தது. பெரிய மிஸ்ஸும் சிரித்தார்.

பாடம் முடிந்ததும் தட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும். "அப்புறமும் விளையாடலாமா மிஸ்?" என்று கேட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய செயல்பாட்டுப் பொருட்கள் சாயங்காலம் வரை ஜன்னலோர மேசையிலேயே இருக்கும், வேலை முடித்தவர்கள் போய் எடுத்துக்கொள்ளலாம். களிமண்ணுக்கும் கட்டைகளுக்கும் ஏற்பட்ட வழக்கம் அது. காந்தத்துக்கும் அதையே செய்தேன்.

கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால் எண்ணினேன். எட்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் எட்டுதான்.

கிடைத்த எட்டையும் இரும்பு அளவுகோலில் ஒட்டிக்கொண்டு தரையெல்லாம் தடவினேன். குண்டூசியும் ஒரு பேனா மூடிக் கொக்கியும் வந்தன. மேசைக் கால், குப்பைக்கூடை, ஷூ, சட்டைப் பை எல்லாம் பார்த்தாயிற்று. பிள்ளைகள் அதையும் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே தவழ்ந்தார்கள்.

"நீ எண்ணினது தப்பா இருக்கும்மா," என்றார் பெரிய மிஸ். "எட்டுதான் கொண்டு வந்திருப்பே."

எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்போல இருந்தது. வராந்தாவுக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பத்துதான் குடுத்தேன். எண்ணித்தான் குடுத்தேன். உன் எண்ணுற வியாதி எனக்கும் தொத்திக்கிச்சுல்ல?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் குரல் இறங்கியது. "ஏன், எவனாவது முழுங்கிட்டானா?"

"தெரியலண்ணா."

"ஒண்ணுன்னா பரவாயில்ல, தானா வெளிய போயிடும். ரெண்டு தனித்தனியா உள்ள போனாதான் வம்பு. குடலை நடுவுல வச்சு ஒண்ணையொண்ணு கவ்விக்கும். பட்டறை நாய் அப்படித்தான் முழுங்கிச்சு. மூணு நாள் வாலாட்டிக்கிட்டு நல்லாத்தான் திரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. முதல்ல பிள்ளைங்களைப் பாரு."

வகுப்புக்குத் திரும்பியபோது பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்த நாயும் மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. பள்ளி வண்டிகள் கிளம்பிவிட்டால் முழுங்கியது இவர்களில் யார் என்று யாருக்கும் தெரியாது.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். "எல்லார் வீட்டுக்கும் போன் போட்டு உங்க பிள்ளை காந்தம் முழுங்கியிருக்கலாம்னு சொல்லவா? ஊதிப் பெருசாக்காதே. நிச்சயமாத் தெரிஞ்சா வா," என்றார். ஆனால் நான் கேட்டுக்கொண்டதற்காக வண்டிகளைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தார். அதையும் எழுதியாக வேண்டும்.

நிச்சயமாக எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளைகளிடம் கேட்டால் எல்லோரும் வாலுவைக் கை காட்டினார்கள். "அவன்தான் மிஸ் வாயில போட்டான்." அவன் இல்லை என்று அழுதான். அப்போதுதான் ஆறாம் வகுப்பின் புவியியல் அலமாரியில் இருக்கும் திசைகாட்டி நினைவுக்கு வந்தது. காந்தம் பக்கத்தில் வந்தால் முள் திரும்பும். துணி வழியாகத் திரும்பினால் சதை வழியாகவும் திரும்பத்தானே வேண்டும்?

"அதை வச்சு வயித்துக்குள்ள பார்க்கப் போறியா? அப்படியே கைரேகையும் பார்த்துடு," என்றார் பெரிய மிஸ். சொல்லிவிட்டு அவரே பிள்ளைகளைப் பையைக் கழற்ற வைத்து வரிசைப்படுத்தினார்.

முதலில் வாலு. முள் வெடுக்கென்று திரும்பியது. பெரிய மிஸ் மூச்சை இழுத்தார். அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பக் காட்டினேன். முள் அசையாமல் நின்றது. பிறகு எல்லோருக்கும் பெல்ட், அடையாள அட்டை, தலைக் கிளிப் எல்லாம் கழற்றினோம். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கூச்சத்தில் நெளிந்தார்கள். "எனக்கு ஏன் ஆடல?" என்று ஒருவன் கோபித்துக்கொண்டான். வரிசை குறையக் குறைய, நான் எண்ணியது தப்பாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

கடைசிக்கு முன்னால் நின்றவளைப் பெரிய மிஸ் அமுக்குணி என்று செல்லமாகக் கூப்பிடுவார். இருக்கும் இடம் தெரியாத பிள்ளை. சட்டைக்கு மேலே திசைகாட்டியை வைத்ததும் முள் சுற்றி அவள் வயிற்றைப் பார்த்து நின்றது. அவளை ஓரடி இடப்பக்கம் நகரச் சொன்னேன். முள்ளும் அவளோடு நகர்ந்தது.

மண்டியிட்டு உட்கார்ந்தேன். "காந்தத்தை முழுங்கினியா கண்ணு? திட்ட மாட்டேன்."

அவள் தலையாட்டினாள். "முதல்ல ஒண்ணு முழுங்கினேன். வெளிய இருந்து இன்னொண்ணை வயித்து மேல வச்சுப் பார்த்தேன் மிஸ். பிடிக்கல. கீழ விழுந்துடுச்சு."

"அப்புறம்?"

"சாப்பிட்டதுக்கு அப்புறம் அதையும் முழுங்கினேன். உள்ள போனா கிட்ட இருக்கும்ல."

அதில் எந்தத் தப்பும் இல்லை. காலையில் நான் கற்றுக்கொடுத்ததைவிட ஒழுங்காக யோசித்திருந்தாள்.

பெரிய மிஸ் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "தண்ணிகூடக் குடுக்காதே. அவ அம்மாவுக்குப் போன் போடு," என்றார் திரும்பாமலே.

துணிக்கடையில் வேலை செய்யும் அவள் அம்மா, கடைச் சீருடையும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அதற்குள் எக்ஸ்ரே எடுத்துவிட்டிருந்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். எலும்புகளுக்குக் கீழே வெள்ளையாக ஒன்றே ஒன்று தெரிந்தது.

"ஒண்ணுதானே இருக்கு?" என்றார் அம்மா, ஆசையாக.

"ரெண்டும் சேர்ந்து ஒண்ணாத் தெரியுதும்மா. நடுவுல குடல் மாட்டியிருக்கா இல்லையான்னு படம் சொல்லாது. இப்பவே ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறோம்."

"காலையில நல்லாத்தானே வந்தா. இதெல்லாம் யாரு குடுத்தது?"

பெரிய மிஸ், "வகுப்புல ஒரு செயல்பாடு..." என்று ஆரம்பித்தார். அவர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று புரிந்தது. முந்திக்கொண்டு, "நான்தான் குடுத்தேன்," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிக் கைக்குள் சுருட்டிக்கொண்டார்.

தள்ளுவண்டியில் படுத்திருந்த பிள்ளை என் விரலைப் பிடித்து இழுத்தாள். "ஒட்டிக்கிச்சா மிஸ்?"

அவள் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். "ஒட்டிக்கிச்சு," என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. கதவு மூடியது.

பெஞ்சில் உட்காரப் போனேன். "அவங்க இங்க இருக்க வேணாம்," என்று அவள் அம்மா பெரிய மிஸ்ஸிடம் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. "போகச் சொல்லுங்க."

பெரிய மிஸ் வாசல் வரை வந்தார். "நீ எண்ணலேன்னா அவ வீட்டுக்குப் போயிருப்பா," என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். நான் கொண்டு வராமல் இருந்திருந்தால் என்று நான் நினைத்ததை அவரும் நினைத்திருப்பார். "அவளை வெளிய கொண்டு வந்ததும் கூப்பிடுறேன்."

வீட்டில் அண்ணன் கதவைத் திறந்தபடியே, "கிடைச்சுதா?" என்றான். எங்கே என்று சொன்னேன். அவன் டிவியை நிறுத்திவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். நாயைப் பற்றி ஏதாவது கேட்பேன் என்று பயந்தவன்போல முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் கேட்கவில்லை.

போன் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சத்தம் குறைந்திருக்கிறதோ என்று இருமுறை பார்த்துவிட்டேன், குறையவில்லை. பெரிய மிஸ் இன்னும் கூப்பிடவில்லை.