கட்டிலுக்கு முன்னால் மூன்று அடி

திரையில் ஒருவன் நடந்தால் சத்தம் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஜனங்களை என்ன சொல்ல! படமெடுக்கும்போது நடிகனின் காலடியோடு மின்விசிறியும் யாரோ தும்மியதும் சேர்ந்துதான் பதிவாகும். அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு, ஒலிப்பதிவு அறையில் ஓர் ஆள் திரையைப் பார்த்தபடியே மறுபடி நடக்க வேண்டும். தரையில் மரப்பலகை, சிமெண்டு, சரளைக்கல் என்று சின்னச் சின்னச் சதுரங்கள் இருக்கும். நின்ற இடத்திலேயேதான் நடை. நடிகனின் கால் திரையில் தெரியாவிட்டால் தோளைப் பார்த்துக் கணக்குப் பண்ண வேண்டும். இந்த வேலையைச் செய்தவரை ஸ்டூடியோவில் எல்லாரும் ‘காலடி’ என்றே கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பட்டாளத்தில் ஒன்பது வருஷம், அதில் மூன்று வருஷம் சண்டையில் என்று கழித்துவிட்டு முழுசாகத் திரும்பியவர் காலடி. முழுசாக என்றால் கைகால் முழுசாக. மற்றதை யார் பார்த்தார்கள்?

எட்டு மாதத்துக்கு முன் ஒரு மதியம், அசந்து தூங்கிக்கொண்டிருந்தவரை ஏழு வயது மகள் தோளைத் தொட்டு எழுப்பினாள். கண் விழித்தபோது அவர் கை அவள் கழுத்தில் இருந்தது. எப்படிப் போனது என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. மனைவி ஓடிவந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். குழந்தையின் கழுத்தில் மூன்று நாள் தடம் இருந்தது. நான்காம் நாள் காலடி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவின் பின்னறைக்குக் குடிவந்துவிட்டார். டாக்டரிடம் போனார், மாத்திரை சாப்பிட்டார், கெட்ட கனவுகூடக் குறைந்தது. வீட்டுப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்று காலையில் மனைவி போன் பண்ணினாள்.

“ஏங்க, நேத்து உங்க பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? ‘அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா?’ன்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“எனக்குப் பயமா இருக்கும்மா.”

“எனக்கு மட்டும் இல்லையா? பயந்துக்கிட்டே வாங்களேன்! வேலையை முடிச்சிட்டு இன்னைக்கு வாங்க. வரலைன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன். நீங்க இல்லாமலே இருக்கப் பழகிக்கறோம்.”

பொசுக்கென்று வைத்துவிட்டாள். அவள் வெட்டொன்று துண்டிரண்டு என்று பேசுகிற ரகம். சொன்னால் சொன்னதுதான்.

அந்த நினைப்போடுதான் காலடி பூட்ஸை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். படம், சண்டையிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாயைப் பற்றிய பேய்ப்படம். நிஜச் சிப்பாயே நடந்து கொடுக்கிறார் என்பதில் இளம் இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் படத்துக்கும் கதை கேட்கிற வழக்கம் காலடிக்கு இல்லை. மூன்று வாரமாக அந்தச் சிப்பாய்க்காக மாடி ஏறினார், சமையலறையில் உலாத்தினார், மழையில் ஓடினார். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை.

“ஆமா, பேய் எப்பத்தான் தம்பி வரும்?”

“பேய்னு தனியா எதுவும் கிடையாது சார். அவனேதான்” என்றார் இயக்குநர் குஷியாக.

காலடிக்குச் சுருக்கென்றது. அதற்குள் திரையில் காட்சி ஓடத் தொடங்கியது. சிப்பாயின் முதுகும் தோளும் மட்டும் தெரிந்தன. கதவிலிருந்து மரத்தரையில் மெல்ல நடக்கிறான். தோளுக்கு அப்பால் ஒரு சிறிய கட்டில், அதில் முதுகைக் காட்டித் தூங்கும் ஒரு குழந்தை. கதவிலிருந்து கட்டில்வரை பன்னிரண்டு அடி எடுத்துவைக்க வேண்டும். காலடி நடந்து முடித்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளரின் குரல் வந்தது. ஆறு வருஷமாக இவரோடு வேலை பார்க்கிறவள்.

“அண்ணே, மூணு அடி குறையுது.”

“என்னம்மா சொல்ற? பன்னெண்டும் வெச்சேனே!”

“ஒன்பதுதான் விழுந்திருக்கு. பரவாயில்ல, இன்னொரு தடவை போலாம்.”

இன்னொரு தடவை போனார்கள். அப்புறம் இன்னொன்று. ஐந்து தடவை. ஐந்திலும் ஒன்பதுதான். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டும் வைத்ததாகத்தான் காலடி நினைத்தார். கடைசி அடியில் பூட்ஸின் குதிகால் பலகையில் இறங்கியதுகூட அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லி, விரல் விட்டு எண்ணினார். ஒன்பதுக்கு மேல் ஒன்றுமில்லை.

தனக்குத் தெரியாமல் தன் உடம்பு வேறெதையோ செய்கிறது. எதற்குப் பயந்து எட்டு மாதமாக ஒளிந்துகொண்டிருக்கிறாரோ, அது பட்டப்பகலில், தூங்காமல் நிற்கும்போதே வந்துவிட்டது. இனி வீடாவது வாசலாவது! மனைவிக்கு என்ன சொல்லுவது? சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். “சார், மூணே மூணு அடி. இதுல என்ன சார் கஷ்டம்?”

“கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களா?” என்றாள் ஒலிப்பதிவாளர். அவள் தலையிலிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். “அண்ணே, இங்க வாங்க. இதைக் கேளுங்க.”

எழுந்து போனார். அவள் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தாள். ஒன்பதாவது அடி இடிபோல் விழுந்தது. அதற்குப் பிறகு, மூன்று அடிகள் விழுந்திருக்க வேண்டிய இடத்தில், மூச்சு. மூச்சோடு மூச்சாக ஒரு குரல், குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்று தாழ்த்திய குரல்.

“தூங்கட்டும்... பாவம், தூங்கட்டும்.”

அவருடைய குரல்தான். இரண்டாவது பதிவைப் போட்டாள். அதிலும் அதே. ஐந்திலும் அதே. ஐந்து தடவையும் கட்டிலுக்கு மூன்று அடி முன்னால் நின்று, அவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

காலடி அழுதார். நாற்பத்திரண்டு வயது ஆள், இரண்டு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமில்லாமல், தேம்பித் தேம்பி அழுதார். துக்கமில்லை அது. தனக்குள்ளே ஒளிந்திருப்பவன் கொலைகாரன் என்றே நம்பி வந்தவருக்கு, அவனுக்கும் ஈரம் உண்டென்று இன்றுதான் தெரிந்தது.

இயக்குநருக்குக் கண் பளிச்சிட்டது. “சூப்பரா இருக்கே! இந்தக் குரலை அப்படியே படத்துல வெச்சுக்கலாமா?”

“செருப்பு பிஞ்சிடும்” என்றாள் ஒலிப்பதிவாளர். பிறகு எழுந்து வந்து, காலடியின் பூட்ஸை வாங்கித் தன் காலில் மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த மூன்று அடியையும் அவளே நடந்து முடித்தாள்.

காலடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மனைவி வாசல் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“முழிச்சிருக்கப்ப கால் நின்னுடுச்சு, சரி. தூக்கத்துல கை என்ன செய்யும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றாள். “அதனால நடுவுல நான் படுத்துக்கறேன்.”

“உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“எனக்குக் கத்தத் தெரியும். உள்ள வாங்க.”

மகள் அடுத்த அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எட்டு மாதத்தில் உயர்ந்திருந்தாள். கிட்டே வரவில்லை.

“அப்பா, நீ தூங்கினா நான் தொட்டு எழுப்ப மாட்டேன். தூரத்துல நின்னு கூப்பிடுவேன். எழுந்திருப்பியா?”

“எழுந்திருப்பேன் கண்ணு.”

“பொய் சொல்லாத. படுத்துக் காட்டு.”

அவர் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகள் கதவருகிலேயே நின்றுகொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, “அப்பா!” என்று கத்தினாள்.

“என்னம்மா” என்றார்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.