இடது சீட்

சென்னைக்காரர்கள் பெங்களூருக்கு வரமாட்டோம் என்றார்கள். பெங்களூர்க்காரர்கள் சென்னைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டோம் என்றார்கள். இரண்டு விமானக் கம்பெனிகள் ஒன்றாகி மூன்று மாதம் ஆகியும், இரண்டு பைலட் சங்கங்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார ஊர் கிடைக்கவில்லை. கடைசியில் நடுவழியில் இருக்கிறது, பத்திரிகைக்காரன் மோப்பம் பிடிக்கமாட்டான் என்று திருவண்ணாமலையைச் சொன்னார்கள். இரண்டாயிரத்து எட்டு, பங்குனி மாதம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி ஒரு புதுக் கல்யாண மண்டபம்.

மண்டபத்தைப் பிடித்துக் கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர். சென்னைக் கம்பெனியின் இளவரசனுக்குக் கீழ்பென்னாத்தூர். பெங்களூர் கம்பெனியின் வீரேந்திரன் அதற்குப் பக்கத்துக் கிராமம், ஜைனக் குடும்பம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள்.

சண்டை என்னவென்றால், சீனியாரிட்டி லிஸ்ட். விமானத்தில் இடது சீட்டில் உட்காருபவன் கேப்டன். வலது சீட்டில் உட்காருபவன் அவன் சொன்னதைக் கேட்க வேண்டியவன். ஒன்றான கம்பெனி விமானங்களைக் குறைத்துவிட்டது, கேப்டன்கள் ஜாஸ்தியாகிவிட்டார்கள். ஆகவே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஓரிடத்தில் கோடு போடுவார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவனுக்கு இடது சீட். கீழே இருப்பவன் எழுந்து வலது பக்கம் போகவேண்டியதுதான்.

இளவரசன் பதினோரு வருஷம் வலது சீட்டில் காத்துக்கிடந்து, போன வருஷம்தான் இடது பக்கம் வந்தான். அவன் அம்மா ஜோதியம்மாள் அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டு, வாசல் கேட்டில் 'கேப்டன் இளவரசன்' என்று சிவப்பு எழுத்தில் எழுதவைத்தாள். அந்த எழுத்தை அழிக்கும் நாள் வந்தால் தான் உயிரோடு இருக்கக்கூடாது என்று இளவரசன் நினைத்தான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

காலையிலிருந்து கத்திக் கத்தி, மாலைக்குள் ஒரு வழிக்கு வந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி இங்கே ஒருவன், அங்கே ஒருவன் என்று ஜோடி ஜோடியாக வரிசை கட்டுவது. ஜோடிகளில் எந்தக் கம்பெனிக்காரன் முன்னால் என்பதற்கு, எல்லா ஜோடிக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை பூவா தலையா. லிஸ்ட் ஏப்ரல் ஒன்றாம் தேதி அமலுக்கு வரும், அன்றைக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் இல்லாதவன் வரிசையில் இல்லை, அவன் இடத்துக்கு அடுத்தவன் ஏறுவான். இரண்டு சங்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காசைச் சுண்டின. பெங்களூர் ஜெயித்தது.

கோடு எங்கே விழுந்தது என்று கேளுங்கள். வீரேந்திரனுக்கும் இளவரசனுக்கும் நடுவில் விழுந்தது. மேலே கடைசி ஆள் வீரேந்திரன். கீழே முதல் ஆள் இளவரசன்.

காசைச் சுண்டியவன் பெங்களூர்க்காரன், அது கள்ள ஆட்டம் என்று சென்னைச் சங்கத் தலைவர் மாறன் கத்தினார். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். அவர் மைக் ஸ்டாண்டைத் தூக்கி, பிடித்தவன் வாயிலேயே குத்தினார். இரண்டு பல் மேடையில் விழுந்தது.

அப்புறம் நடந்ததை எழுதக் கூசுகிறது. நடுவானில் இன்ஜின் நின்றாலும் குரல் உயராமல் "பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற கனவான்கள், கெட்ட வார்த்தையில் ஒருவரை ஒருவர் அம்மா அக்காவோடு சேர்த்துத் திட்டிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. ஒருவன் தலை ஜன்னல் கண்ணாடிக்குள் போய் ரத்தத்தோடு வெளியே வந்தது. கீழே விழுந்தவன் விலா எலும்பில் மூன்று பேர் ஷூக்காலோடு ஏறி மிதித்தார்கள். நாற்காலிக் கால் ஒன்று இளவரசன் உதட்டைக் கிழித்தது.

"ஒன் சீட்டு போச்சுடா! நின்னு வேடிக்க பாத்துக்கினு கீற?" என்று மாறன் அவன் முதுகில் ஓங்கி அறைந்தார்.

இளவரசன் வீரேந்திரனைத் தேடினான். கூட்டத்தில் இல்லை. கோடு விழுந்ததுமே எழுந்து போய், பந்தி நடக்கும் ஹாலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்தால் ஜைனர்கள் வாயில் சோறு வைக்கமாட்டார்கள். சமையல்காரர் கண்ணாயிரம் அவனுக்கென்று வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாகச் சாம்பார் வைத்திருந்தார். உள்ளே நடந்த ரகளை இன்னும் அவன் காதுக்கு வரவில்லை, வெறும் வாக்குவாதம் என்று நினைத்திருந்தான்.

"வா, ஒக்காரு. ஐயோ, ஒதட்டுல இன்னாடா ரத்தம்?" என்று வீரேந்திரன் பாதி எழுந்தான்.

"சந்தோஷமா துன்றியா?"

"இளவரசு, ரெண்டு வருஷந்தான்டா. புது பிளேன் வந்தா மறுபடியும் ஏறிடுவ. ஆத்திரப்படாத."

"அப்படின்னா நீ எறங்கேன். ரெண்டு வருஷந்தானே?"

வீரேந்திரன் இலையைப் பார்த்தான். சோறு பாதி இருந்தது.

இளவரசன் அடித்தான். முஷ்டியை மடக்கி அடிக்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து, காதை மூடுகிற மாதிரி, முழு பலத்தோடு அறைந்தான். ஒவ்வொரு மெடிக்கலிலும் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். காது போனால் பைலட் போனான். இது பைலட் ஜாதியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கை தானாகத்தான் போயிற்று என்று இளவரசன் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்ளட்டும்.

வீரேந்திரன் இலைமேல் சாய்ந்தான். இளவரசன் விடவில்லை. தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கல்மேசையில் மோதினான். சாம்பார் வாளி கவிழ்ந்தது. கீழே விழுந்தவன் வயிற்றில் உதைத்தான், இன்னொரு தடவை உதைத்தான். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற வீட்டில் பிறந்தவன் திருப்பி ஒரு அடி அடிக்கவில்லை. சோற்றுக் கையால் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

"சாப்புட்ற ஆளைப் போட்டு அடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கண்ணாயிரம் கரண்டியால் இளவரசன் முதுகில் போட்டு இழுத்தார்.

அந்தக் கேள்வியில்தான் அவனுக்குப் புத்தி வந்தது. குழந்தைபோல அழுதுகொண்டே வீரேந்திரனைத் தூக்கித் தன் காரில் போட்டான்.

வேலூர் ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வீரேந்திரன் பேசினான். ஒரு காது அடைத்ததால் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

"நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்றேன். நீ வாயத் தொறக்காத. சவ்வுலதான் ஓட்ட விழுந்திருக்கும், தானா மூடிக்கும். ரெண்டு மாசம் லீவு போட்டுட்றேன், எவனுக்கும் தெரியாது. சரிடா அழாத, ரோட்டைப் பாரு. ஒம்மேல கேசும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சரிடா," என்றான் இளவரசன். "எங்கம்மா மேல சத்தியமா சொல்லமாட்டேன்."

அந்த நிமிஷம் அவன் மனசாரச் சொன்னான். அதில் பொய் இல்லை.

டாக்டர் மணிமொழி சின்ன வயசுக்காரி. காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்படி ஆச்சு?"

"வழுக்கிட்டேங்க," என்றான் வீரேந்திரன்.

"வழுக்கினா சவ்வு இப்படிக் கிழியாதுங்க. யாரோ அறைஞ்சிருக்காங்க."

இளவரசன் கதவோரம் நின்றிருந்தான். இன்னும் இரண்டு வாரத்தில் ஏப்ரல் ஒன்று. கோட்டைத் தாண்ட ஒரே ஒரு ஆள் விலகினால் போதும். கேட்டில் சிவப்பு எழுத்து. இதெல்லாம் அவன் மனதில் வந்ததா என்றால், வந்தது.

"நான்தான் அடிச்சேன், டாக்டர்," என்றான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "மறைக்கக்கூடாதுங்க. இவன் பைலட்டு. அதையும் எழுதிக்குங்க. இந்தக் காதோட பிளேன் ஓட்டக்கூடாது, கம்பெனிக்குத் தெரியணும். நூறு பேரு உசுருங்க."

சொல்லும்போது அவனுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது?

டாக்டர் அவனை மரியாதையோடு பார்த்தாள். "ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணுங்க," என்று சொல்லி, பறக்கத் தகுதியில்லை என்பதையும் சேர்த்து எழுதினாள். கட்டுப் போட்டு முடிக்கும்வரை வீரேந்திரன் இளவரசனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே கார் பக்கம் வந்ததும் வீரேந்திரன் அடித்தான்.

பிறந்ததிலிருந்து அடித்திராத கை. எங்கே அடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை, கண்ட இடத்தில் விழுந்தது. மூக்கில் விழுந்தது, எலும்பு நொறுங்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது. கிழிந்த உதட்டில் விழுந்தது. கழுத்தைப் பிடித்துக் கார்க் கதவில் மறுபடியும் மறுபடியும் மோதினான். கதவு உள்வாங்கியது. ஆட்டோக்காரர்கள் ஓடிவந்தார்கள், கிட்டே வரப் பயந்து நின்றார்கள். இளவரசன் மண்டியிட்டு விழுந்தான். அடி வாங்கத்தான் வேண்டும், கொல்லட்டும் என்றே இருந்தது அவனுக்கு. முகத்தைத் திருப்பக்கூட இல்லை.

திடீரென்று அடி நின்றது.

கண்ணில் வழிந்த ரத்தத்துக்கு நடுவே பார்த்தான். வீரேந்திரன் ஓங்கிய கையோடு நின்றிருந்தான். அவன் பார்வை இளவரசன் தலையின் இரண்டு பக்கத்திலும் போய் வந்தது.

"தூ," என்று துப்பினான். "போய் ஒக்காரு. ஒன் சீட்டுதான்."

சுற்றி நின்றவர்களை விலக்கிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். அப்போதுதான் இளவரசனுக்குத் தன் கைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தது. மூக்கை விட்டுவிட்டு, வாயை விட்டுவிட்டு, இரண்டும் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டிருந்தன. எடுத்துவிடப் பார்த்தான். கைகள் வரவில்லை.